சிப்பிப் பேனையும் நொத்தாரிசு மருமகனும்

மருமகன், நீ அனுப்பின ரெண்டு படத்தையும் பேத்திட போனில பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தன். ரெண்டும் கறுப்பு. ரெண்டிலயும் சிப்பித் துண்டு பச்சையும் நீலமுமா மினுங்குது. ரெண்டும் யப்பான் பேனை. "மாமா, எது நல்லம்?" எண்டு கேட்டிருக்கிறாய். கலியாணம் முடிக்கக்க என்னட்டக் கேக்காத ஆள் பேனைக்குக் கேக்கிறாய் எண்டா, விலை எப்படி இருக்கும் எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டு.

ஒவ்வொண்டும் இலட்சம் தாண்டுமாம். பிறசர் குளிசையைப் போட்டிட்டுத்தான் இதைச் சொல்லுறன். நான் சொல்லச் சொல்ல எழுதுறது பேத்தி. எழுதுறது குமிழ்முனைப் பேனையால. கடையில மிச்சக் காசுக்குப் பதிலாக் குடுத்தது, மை நல்லா வருது.

சொல்லாம விடவும் ஏலா. நம்மட மட்டக்களப்புப் பகுதியில குடி தாய்வழியில வருது. சகோதரிட புள்ளைக்குப் புத்தி சொல்லுறது தாய்மாமன்ட பாத்தியதை. நீ கேக்காட்டியும் சொல்லியிருப்பன். கேட்டுட்டாய், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

முதல் அந்தச் சிப்பிட கதை. அதுக்குத்தானே காசு. யப்பான்காரன் இந்த வேலையை ராடென் எண்டு சொல்லுறான். அது அவன் கண்டுபிடிச்சதும் இல்ல. சீனத்தில இருந்து 8ஆம் நூற்றாண்டில போனது. அந்தக் காலத்துச் சிப்பி பதிச்ச வீணை மாதிரி ஒரு வாத்தியம் நாரா பட்டணத்துக் களஞ்சியத்தில இப்பவும் பழுதில்லாம இருக்காம். சிப்பியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கடதாசி அளவுக்கு மெல்லிசாக்கி, துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்டா ஒட்டி, அதுக்கு மேல மரப்பாலை எத்தினையோ தரம் பூசி, மறுகா கரியால உரைச்சு உரைச்சு, ஒளிச்சு வச்ச சிப்பியைத் திரும்பவும் வெளியில எடுக்கிறாங்க. முதல்ல மூடி, பிறகு திறக்கிறதுக்குக் கூலி. உன்ட தொழிலும் கிட்டத்தட்ட அதுதானே, அதால உனக்குப் பிடிச்சதில ஆச்சரியம் இல்ல.

அந்த மரப்பாலுக்குப் பேர் உருஷி. அது எந்த மரத்துப் பால் எண்டு பேத்தியைத் தேடச் சொன்னன். நம்மட கஜு மரத்துக்கும் மாமரத்துக்கும் சொந்தக்கார மரமாம்! சின்னனில கஜுப் பழம் களவெடுக்கப் போய், கொட்டைப் பால் பட்டு உன்ட வாயெல்லாம் கொப்பளிச்சது ஞாபகமா? அதே எரிச்சல்தான் உருஷியிலயும். அங்க வேலை பழகிறவங்களுக்கு முதல்ல கையெல்லாம் தடிச்சு வீங்குமாம். காய்ஞ்சு இறுகினாப் பிறகு ஒண்டும் செய்யாது, பயப்பிடாத. இன்னொண்டு கேள். மத்தப் பூச்செல்லாம் வெயிலில காயும். உருஷி ஈரக் காத்திலதான் இறுகும். அதுக்கெண்டு ஈரம் வச்ச அலுமாரி கட்டி அதுக்குள்ள வைப்பாங்களாம். மார்கழி மாரியில நம்மட வீட்டுக் கதவு ஒண்டும் சாத்துப்படாது. அந்த ஈரத்துக்கு யாரும் இதுவரை ஒரு சதம் தரல்ல.

இப்ப சிப்பிக்கு வா. பேத்தி வந்தாறுமூலைக் கம்பசில விஞ்ஞானம் படிக்கிறாள். அவள் சொல்லுறாள், பேனையில மினுங்கிற சிப்பியும் நம்மட வாவியில காலைக் கிழிக்கிற மட்டியும் சாமான் ஒண்டுதானாம். கல்சியம் காபனேற்று. நம்மட ஆக்கள் மட்டியையும் ஊரியையும் அள்ளிச் சூளையில போட்டுச் சுட்டு, தண்ணி தெளிச்சு நீறாக்கி, சுண்ணாம்பு எண்டு வித்தாங்க. வட்டாவில வெத்திலையோட வச்சு வாற சபைக்கெல்லாம் நீட்டினது அதைத்தான். யப்பான்காரன் அதே சாமானைச் சுடாம உரைச்சான். நாம நாக்கில பூசினதை அவன் பேனையில பூசினான். வித்தியாசம் இலட்சம் ரூபா.

அப்படியெண்டா நம்மட மட்டி ஏன் மினுங்கேல்ல எண்டு அவளை மடக்கினன். அதுக்கும் விடை வச்சிருக்கிறாள். மினுங்கிற சிப்பிட உட்பக்கம் அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தட்டுகள் ஒண்டுக்கு மேல ஒண்டா ஆயிரக்கணக்கில அடுக்கி இருக்குமாம். வெளிச்சம் அந்த அடுக்குகளில பட்டுத் திரும்பி வரக்க ஒண்டோட ஒண்டு சிக்கி, சில நிறம் கூடும், சில நிறம் அழியும். சாயம் ஒரு சொட்டும் இல்ல. சாய்ச்சா பச்சை, நிமித்தினா நீலம். நீ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மயங்கினது இல்லாத நிறத்தில. நம்மட வாவி மட்டியில அந்த அடுக்கு இல்ல. ஆனா நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சிற குளத்து மட்டியில இருக்கு. உன்னிச்சைக் குளத்தில தண்ணி வத்தக்க கரையில ஒண்டை எடுத்து உடைச்சுப் பார், உள்ளுக்கு முத்துப் பளபளப்பு. பேனைக்குப் போடுறது பெரும்பாலும் கடல் நத்தை இனத்து ஓடு, நிறம் அதில கூட.

சிப்பிக்குக் காசு இருக்கு எண்டு நம்மட கிழக்குக்கும் தெரியும். தம்பலகாமத்து வாவியில தட்டைச் சிப்பி ஒண்டு இருந்தது. கோவாவிலயும் பிலிப்பைன்சிலயும் யன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாப் பதிக்கிற இனம். வெள்ளைக்காரன் காலத்தில அதில முத்தெடுக்கிறதுக்குக் குத்தகை விட்டாங்க. அங்கால மன்னாரில 1905ல பெரிய முத்துச் சலாபம் நடந்து கோடிக்கணக்கில சிப்பி வந்தது. அடுத்த வருசம் லண்டன் கொம்பனி ஒண்டு 20 வருசக் குத்தகைக்கு எடுத்தது. கொஞ்ச வருசத்திலயே சிப்பி கடலில இல்லாமப் போச்சு, கொம்பனியும் மூடுப்பட்டது. சிப்பிட மினுக்கத்தைப் பார்த்து முற்காசு கட்டின ஆக்களில நீ முதல் ஆள் இல்ல மனே.

வாவிச் சிப்பிக்கு ஒரு பெருமை இல்லையெண்டும் நினைக்காத. 1848ல எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி இஞ்ச வந்து, ராவில தோணியேறிப் போய் வாவிக்குள்ள இருந்து வாற பாட்டுச் சத்தத்தைக் கேட்டார். கேட்டதைப் புத்தகத்திலயும் எழுதி வச்சார். ஊரெல்லாம் "மீன் பாடுது" எண்டு பேர் வாங்கினாலும், அண்டைக்கு நம்மட மீன்பிடிகாரர் அவருக்குச் சொன்னது மீன் இல்ல, அழுகிற ஊரி எண்டுதான். உயிரோட ஊரியும் பிடிச்சுக் குடுத்து விட்டாங்க. அதால நம்மட சிப்பி மினுங்காது, ஆனா பாடும். உன்ட பேனை பாடுமா எண்டு கடைக்காரனிட்டக் கேட்டுப் பார்.

சரி, பேனைக்கு வருவம். மாடு வாங்கப் போறவன் கொம்புக்குப் பூசின எண்ணெயைப் பார்த்து விலை பேசமாட்டான், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். பேனையில பல்லு எண்டா நிப்புத்தான்.

உன்ட முதலாவது படம், பைலட் கொம்பனிட கேப்லெஸ். மூடியில்லாத மைப் பேனை. பின்பக்கம் அமத்தினா நிப்பு வெளியில வரும், திரும்ப அமத்தினா உள்ளுக்குப் போய் ஒரு சின்னக் கதவு சாத்திக்கொள்ளும். 1963ல வந்த யோசனை. நல்ல யோசனைதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஒரு கையில காணி உறுதி, மறுகையில பேனை, மூடியைக் கழட்டி எங்க வைக்கிற எண்டு தேடத் தேவையில்ல. நிப்பு 18 கரட் தங்கம். உடம்பு பித்தளையில செஞ்சது, கையில பாரமா நிக்கும்.

குறை என்ன? சட்டைப் பையில கொளுவிற கிளிப் இதில நிப்புப் பக்கம் இருக்கு. எழுதக்க உன்ட விரல் பிடிக்கிற இடத்திலதான் அது குந்திக்கொண்டு இருக்கும். பேனையை நேராப் பிடிக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. நீ பேனை பிடிக்கிறதை நான் சின்னனில இருந்து பார்க்கிறன். சட்டத்தரணியாகி நொத்தாரிசாகி வந்தும் அது நேராகல்ல. மை கொள்ளுறதும் குறைவு.

ரெண்டாவது, சேய்லர். 1911ல ஹிரோஷிமாப் பக்கம் குறே துறைமுகத்தில சகாத்தா எண்டவர் தொடங்கினது. இங்கிலாந்துக் கப்பல்காரச் சினேகிதன் ஒருத்தன் காட்டின பேனைதானாம் அந்த ஆளை இதுக்குள்ள இழுத்தது. நிப்பு 21 கரட். தாலிக்கு நாம தேடுற 22க்கு ஒரு படி குறைவு. மூடி திருகிற மூடி. பாரம் குறைவு, நீளமா எழுதினாலும் விரல் நோகாது. சிப்பி வேலையும் இதில கூடின பரப்பில கிடக்கு, ஆனபடியா விலையும் கூடத்தான்.

தங்கம் எண்டோன உன்ட கண் விரிஞ்சிருக்கும். கடதாசியில படுறது தங்கம் இல்ல, விளங்குதா? நுனியில கடினமான வேற உலோகத்தை மணி மாதிரி ஒட்டியிருக்கு, எழுதிறது அதுதான். தங்கம் எதுக்கெண்டா, புளிப்பு மை பட்டாலும் அரிக்காது. உருக்கு நிப்பை அந்த மை தின்னும். ஆக, தங்க நிப்பு வாங்கிறவன் அந்தத் தங்கத்துக்கு வேலை குடுக்கிற மை வாங்கவேணும். நீ என்ன மை வாங்கப் போறாய் எண்டு கேட்டனுப்பினன். "நல்ல நீலம்" எண்டு பதில் வந்தது. அந்தப் பதிலைக் கண்டுதான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளுது.

மருமகன், நீ இருக்கிறது மட்டக்களப்பில. வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், மேல இருந்து வருசா வருசம் மாரி. 1978 நவம்பர் 23 ராத்திரி அடிச்ச சூறாவளியில கூரை இல்லாமப் போன வீடுகளில, விடிஞ்சோன சனம் தேடினது ரெண்டு சாமான்: புள்ளைகளை, மறுகா உறுதியை. 2004 டிசம்பர் 26 சுனாமியிலயும் அதேதான், தேடியும் கிடைக்காத புள்ளைகள் கனபேர். கிடைச்ச உறுதியைக் கொடியில காயப்போட்டுப் பார்த்தா, சிலதில நீல வெள்ளம் மட்டும். எல்லையும் தெரியாது, ஒப்பமும் தெரியாது. சிலதில எழுத்துக் கறுப்பா அப்படியே. பழைய கந்தோர்க்காரர் பாவிச்ச இரும்பு மை அது. எழுதக்க வெளிறித் தெரியும், காத்துப் படப்படக் கறுத்துக் கடதாசியோட ஊறிப்போகும், தண்ணிக்கு அசையாது. வெள்ளைக்காரன் கொண்டுவந்ததெண்டு நினைக்காத. கடுக்காயையும் அன்னபேதியையும் காய்ச்சி நம்மட ஆக்களும் அதே மையைச் செஞ்சிருக்கிறாங்க.

அதுக்கும் முந்தி ஏடு. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்கு வழக்குரை படிக்கிற ஏட்டைப் பார்த்திருக்கிறாய். எழுத்தாணியால கீறி, கரி பூசித் துடைச்சது. தண்ணி பட்டுக் கரி போனாலும் கீறினது போகாது, திரும்பக் கரி பூசினா எழுத்துத் திரும்பி வரும். எழுத்தாணிக்கும் வெள்ளிப் பிடி, தந்தப் பிடி எண்டு வச்சுத் திரிஞ்ச போடிமார் இருந்தாங்க, மினுக்கிற ஆசை உன்னோட பிறந்ததில்ல. ஆனா பிடி எவ்வளவு மினுங்கினாலும் எழுத்து ஏட்டில நிண்டது. சுவாமி விபுலானந்தர் யாழ்நூலை எழுதி 1947ல அரங்கேத்தினார். அவர்ட சமாதி கல்லடியில, உன்ட கந்தோரில இருந்து பாலத்தைத் தாண்டினா வருது. என்ன பேனையால எழுதினார் எண்டு அங்க வந்து ஆரும் விசாரிச்சதை நான் காணல்ல.

மினுக்கத்தைவிட நிலைச்சு நிக்கிறதுதான் முக்கியம் எண்ட புத்தி இந்தப் பேனைக்காரருக்கும் முதல்ல இருந்தது, அதையும் சொல்லவேணும். பைலட்டைத் தொடங்கின நமிக்கி எண்டவர் 1918ல கறுப்பு எபனைற்றிலதான் பேனை செஞ்சார். அது வெயிலும் வேர்வையும் பட்டு மங்கிப்போகும். அதைத் தடுக்கத்தான் உருஷியைப் பூசிப் பார்த்தாங்க. பூச்சு நிண்டது. நிண்ட பூச்சுக்கு மேல பூவும் மயிலும் சிப்பியும் பிறகு வந்து ஏறினது. 1930ல லண்டன் டன்ஹில்காரன் அதை வாங்கிக் கண்ணாடி அலுமாரியில வச்சு வித்தோனதான் விலை மேல போச்சு. அந்த நேரம் அமெரிக்காவில பார்க்கர்காரன் சிப்பியைத் தடிப்பான பலகையா வெட்டிப் பேனைச் சுத்தில ஒட்டிப் பார்த்து முடிச்சிருந்தான். மினுக்கம் கூடத்தான், ஆனா பலகை கழண்டால் பேனை சொத்தைப் பல்லோட நிக்கும். யப்பான் வேலையில சிப்பி பூச்சுக்குள்ள புதைஞ்சு கிடக்கிறதால அந்தப் பயம் குறைவு. வெயிலில மட்டும் விட்டிட்டுப் போகாத. கார் கண்ணாடிக்குக் கீழ உருஷியைப் போட்டு வச்சா நிறம் செத்துப்போகும்.

இப்ப நம்மட மையை ரெண்டு பேனையிலயும் ஊத்திப் பார்ப்பம். இரும்பு மை ஊத்தலாம். இல்லாட்டி, தண்ணியில கரையாத நிறத்துகள் போட்ட மை ஒண்டு சேய்லர்காரனே விக்கிறான், கறுப்பு, கிவாகுரோ எண்டு பேர். உறுதிக்கு அந்த ரெண்டில ஒண்டு. ஆனா ரெண்டு மையும் நிப்பில காய விடப்படாது. காய்ஞ்சா உள்ள அடைச்சுப்போகும், அடிக்கடி தண்ணியால கழுவவும் வேணும். ஆனி ஆடியில கச்சான் அடிக்கக்க கயித்தில போட்ட சாரன் போட்ட கையோட காயிற ஊர் இது. கேப்லெஸ்ட சின்னக் கதவு நல்ல கதவுதான், ஆனா திருகிற மூடி சாத்திற சாத்து அது சாத்தாது. சனி ஞாயிறு கந்தோரைப் பூட்டிட்டுப் போய்த் திங்கள் வந்து அமத்து, முதல் ரெண்டு எழுத்துக்கு அது உன்னைக் கெஞ்ச வைக்கும்.

இன்னொரு பிரச்சினையைப் பேனை விக்கிறவன் ஒருத்தனும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டான். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. காணி கைமாறுறதெண்டா எழுத்தில இருக்கவேணும், நொத்தாரிசுக்கு முன்னால ஒப்பம் வைக்கவேணும், ஒரே நேரத்தில ரெண்டு சாட்சியும் நிக்கவேணும். ஆக ஒரு உறுதிக்குக் குறைஞ்சது நாலு கை. வாற சாட்சி எப்படிப்பட்டவன்? வட்டையில வேலை செஞ்சிட்டு நேர வந்தவன். பேனையைப் பிடிச்சா மண்வெட்டிக்குக் குடுக்கிற அமத்தம் குடுப்பான். குமிழ்முனைப் பேனையில அப்படித்தான் எழுதிப் பழக்கம். கேப்லெஸைக் கண்டா அவனுக்கு அது அமத்திற குமிழ்முனைப் பேனையேதான். கேக்காம எடுப்பான், டக்கெண்டு அமத்துவான், ஒப்பம் வைப்பான், நிப்பு ரெண்டாப் பிரியும். ஒப்பம் முடிஞ்ச கையோட சட்டைப் பையில கொளுவிக்கொண்டு போயிடவும் கூடும், அவனில பிழையில்ல. சேய்லரை எடுத்தா மூடியை இழுப்பான், வராது. திருகவேணும் எண்டு அவனுக்குத் தெரியாது. "இது என்ன ஐயா, பழுதாப் போச்சு" எண்டு மேசையில வச்சிட்டுத் தன்ட பையில கிடக்கிறதை எடுப்பான். அந்த ஒரு திருகுக்காக மட்டும் எண்டாலும் நான் சேய்லர் பக்கம்.

கேப்லெஸைக் கேவலமாச் சொல்லுறன் எண்டு நினைக்காத. நாள் முழுக்க நிண்ட நிலையில குறிப்பெழுதுற டொக்டருக்கோ, பஸ்ஸில குந்தியிருந்து எழுதுற பத்திரிகைக்காரனுக்கோ அதைவிட நல்ல பேனை சொல்லேலா. ஆனா அந்த ஆளுக்குச் சிப்பி வேணாம். சிப்பி இல்லாத கேப்லெஸ் இருக்கு, அதே நிப்பு, அதே கதவு, விலை எவ்வளவோ குறைவு. சேய்லரிலயும் அந்த மாதிரித்தான். சிப்பியைக் கழிச்சா மிஞ்சிற பேனை ஒரு சொட்டும் குறையாம எழுதும். அப்ப சிப்பிக்கு ஏன் காசு எண்டு கேட்டா, அதுக்கும் என்னட்ட ஞாயம் இருக்கு: காணி வித்திட்டு அழுதழுது ஒப்பம் வைக்கிற கிழவிக்கு, மேசையில பார்க்க ஒரு சாமான் இருக்கும். நொத்தாரிசுட மூஞ்சையைப் பார்க்கிறதைவிட அது பரவாயில்ல.

நீ பிடிவாதமா வாங்கத்தான் போறாய், எனக்குத் தெரியும். உன்ட அம்மாவும் அப்படித்தான். ஆக, சேய்லர். மெல்லிசு நிப்பு எடு, நம்மட உறுதிக் கடதாசியில தடிச்ச நிப்பு மை ஊத்தும். மை கறுப்பு, நான் சொன்ன ரெண்டில ஒண்டு. சாட்சிமாருக்கு மேசையில குமிழ்முனைப் பேனை ஆறு ஏழு போட்டு வை, நூல் கட்டி வை. கச்சேரிக்காரர் கட்டி வச்சிருந்தது காரணம் இல்லாம இல்ல.

வந்த கையோட அதை உரைச்சுப் பார்க்க ஒரு உறுதி வேணும்தானே? நம்மட வளவைப் பெரியவளுக்கு எழுதவேணும் எண்டு கனகாலமா நினைச்சுக்கொண்டிருக்கிறன். வடக்க வேலிக்கரைப் பூவரசு எங்கட பக்கம் எண்டு வடிவா எழுது, பக்கத்து வளவுக்காரன் ஒரு சதுர முழம் உள்ளுக்கு வந்திட்டான். திங்கக்கிழமை வெள்ளாப்பில பேத்தியையும் ரெண்டு சாட்சியையும் கூட்டிக்கொண்டு வாறன். முத்திரைச் செலவு என்ட. உன்ட கூலியைப் பேனைக்கு யோசனை சொன்ன கணக்கில கழிச்சு விடு. மிச்சம் எனக்கு வரவேண்டியதை அவசரமில்ல, ஆடிப் போகம் அறுத்தாப் பிறகு தந்தாப் போதும்.